மூன்று சிப்பும் செத்துவிட்டன: இதை வைத்துக் கதிர்வீச்சு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பலாமா?

அழகர்மலை · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஈசிஈ கடைசி வருடம் படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டிச் செயற்கைக்கோளுக்குப் பவர் போர்டு செய்துகொண்டிருக்கிறோம். அதில் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிலையாக வைக்கும் லீனியர் ரெகுலேட்டர் சிப் ஒன்று இருக்கிறது. விண்வெளித் தரத்தில் வாங்க எங்களிடம் பணம் இல்லை, கடையில் கிடைப்பதைத்தான் வாங்கினோம். கதிர்வீச்சைத் தாங்குமா என்று பார்க்க, சென்னையில் ஓர் ஆய்வகத்தின் கோபால்ட்-60 காமா அறையில் 3 ரெகுலேட்டர்களுக்கு 20 கிலோராட் டோஸ் (கதிர்வீச்சு அளவு) கொடுத்தோம். அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் காலை எங்கள் லேபில் அளந்தோம். ஒன்றில் வெளியீடே இல்லை. மற்ற இரண்டும் லோடு இல்லாமல் 2.7 வோல்ட் தருகின்றன, லோடு போட்டால் விழுந்துவிடுகின்றன.

இந்தத் துறைக்கென்றே அமெரிக்காவில் என்.எஸ்.ஆர்.இ.சி., ஐரோப்பாவில் ராடெக்ஸ் என்று மாநாடுகள் நடப்பதாகப் படித்தேன். அனுப்பலாமா என்று துறையில் கேட்டேன். "வேலை செய்யாத பொருளைப் பற்றி என்ன கட்டுரை? தாங்குகிற சிப்பைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக மனசு சரியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருநகர்_வீடு · ஞாயிறு, இரவு 10:25

தம்பி, தாராளமாக அனுப்பலாம். செயற்கைக்கோள் மின்னணுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது திருநகரில் இருக்கிறேன். இந்த விஷயத்தில் உங்களை யாரும் தடுக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன அமெரிக்க மாநாடு 1964-இல் தொடங்கியது. ராடெக்ஸ் 1989-இல் பிரான்சின் மான்பெல்லியேயில் தொடங்கியது. இரண்டிலும் டேட்டா ஒர்க்‌ஷாப் என்று தனியாக ஓர் அமர்வு உண்டு. அங்கே புதுக் கோட்பாடு எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த எண் போட்ட இந்தச் சிப்பை இவ்வளவு டோஸில் வைத்தோம், இப்படி ஆயிற்று என்பதுதான் பேச்சு. போஸ்டரை ஒட்டிவிட்டு அதன் முன்னால் நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். செத்துப்போன சிப்பின் முன்னால்தான் கூட்டம் அதிகம் நிற்கும். காரணம் எளிது: அதே சிப்பை வாங்கி வைத்திருக்கிற ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார். உங்கள் 3 சிப் செத்ததால் அவருடைய செயற்கைக்கோள் பிழைக்கும்.

இந்தத் துறையே தோல்வியைச் சொல்லிச் சொல்லித்தான் வளர்ந்தது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்ற அணுகுண்டை வெடித்தது. மறுநாள் டெல்ஸ்டார் 1 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் மேலே போனது. வெடிப்பு விட்டுச்சென்ற எலக்ட்ரான்களுக்கு நடுவில் அது சுற்ற வேண்டியதாயிற்று. அந்த வருடம் நவம்பரில் அதன் கட்டளைகளை வாங்கும் டிகோடர் கெட்டது. அதைச் செய்த பெல் ஆய்வகத்துக்காரர்கள் தரையில் அதே டிரான்சிஸ்டர்களைக் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தார்கள். மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால் சேதம் மெல்லத் தானே ஆறுகிறது என்று கண்டுகொண்டார்கள். அதே வைத்தியத்தை மேலே இருந்ததற்கும் செய்து 1963 ஜனவரியில் உயிர் கொடுத்தார்கள். பிப்ரவரியில் அது ஒரேயடியாகப் போய்விட்டது. ஆனால் நடந்ததையெல்லாம் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

சரி, இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்: ரெகுலேட்டருக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டே கதிர்வீச்சில் வைத்தீர்களா, சும்மா வைத்தீர்களா? மூன்றும் ஒரே லாட்டா, அதாவது ஒரே தடவையில் தயாரித்தவையா? கதிர்வீச்சு படாத சிப் ஒன்றைக் கூடவே அளந்தீர்களா? டோஸ் வேகம் எவ்வளவு? அறையிலிருந்து எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தீர்கள்?

அழகர்மலை · ஞாயிறு, இரவு 11:02

அம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. உள்ளதை அப்படியே சொல்கிறேன்.

கரன்ட் கொடுக்கவில்லை. ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு உள்ளே வைத்தோம். சிப்பின் மேல் அச்சிட்ட டேட் கோடை (தயாரித்த காலத்தைக் காட்டும் எண்) இப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டில் ஒரே எண், செத்துப்போனதில் வேறு எண். கதிர்வீச்சு படாத சிப்பை அளக்கவில்லை. ஆய்வகத்தின் டோஸ் அளவீட்டுச் சான்றிதழில் மணிக்கு 360 கிலோராட் என்று இருந்தது, அதனால் 200 நொடி வைத்தோம். அளந்தது சுமார் 16 மணி நேரம் கழித்து.

உசிலம்பட்டிக்காரன் · திங்கள், காலை 7:15

தம்பி, அந்தச் சான்றிதழில் தேதி என்ன?

அழகர்மலை · திங்கள், காலை 8:30

சரியாக 2 வருடத்துக்கு முந்தையது அண்ணே.

உசிலம்பட்டிக்காரன் · திங்கள், காலை 8:52

அப்படியானால் நீங்கள் கொடுத்தது 20 கிலோராட் இல்லை. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 வருடம். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வலு குறைந்துகொண்டே வரும். 2 வருடத்தில் 77 சதவீதம்தான் மிஞ்சும். மணிக்கு 360 என்றது இன்றைக்குச் சுமார் 277. 200 நொடியில் சேர்ந்தது 15.4 கிலோராட். உங்கள் சிப்கள் நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே கெட்டிருக்கின்றன.

இன்னொன்று. சிப்பை வைத்த தட்டு கதிர்வீச்சுக்குள் கீழே இறங்கி மேலே ஏறும் நேரத்திலும் டோஸ் சேரும். ஒரு மணி நேரச் சோதனையில் அது கண்ணுக்குத் தெரியாது. 3 நிமிடச் சோதனையில் தெரியும். ஆய்வகத்துக்காரர்களிடம் கேட்டால் அந்த எண்ணைத் தருவார்கள்.

நான் பெங்களூரில் சிப் வடிவமைப்பில் இருக்கிறேன். கணக்கில் தப்பு இருந்தது என்று சோர்ந்துவிட வேண்டாம். தேதியைக் கேட்டவுடன் மறைக்காமல் சொன்னீர்கள் பாருங்கள், இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அதுதான்.

மேலமாசி · திங்கள், காலை 10:10

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்கு இதெல்லாம் சரி. தரையில், நம் மதுரையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கதிர்வீச்சால் ஏதாவது ஆகுமா? பெல்ஜியத்தில் ஒரு தேர்தலில் காஸ்மிக் கதிரால் 4096 ஓட்டு கூடிவிட்டது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

தேனி_இயற்பியல் · திங்கள், மதியம் 1:20

நல்ல கேள்வி. இதற்குப் பதில் நம் ஊரின் இருப்பிடத்திலேயே இருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, மியூவான், நியூட்ரான் என்ற நுண்துகள்களாகக் கீழே கொட்டுகின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒரு மியூவானாவது அதன் வழியாகப் போகும். மதுரையிலேயே 85 டன் இரும்புக் காந்தத்தோடு மினி-ஐகால் என்ற கருவியை வைத்து இதே மியூவான்களைப் பதிவு செய்தார்கள். போடி மேற்கு மலைக்கு அடியில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கான முன்மாதிரி அது. அங்கே சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை வேண்டும் என்று கேட்டதே இந்த மியூவான்களை வடிகட்டத்தான்.

ஆனால் தரையில் உள்ள மெமரியில் பிட் புரள்வதற்கு (0 இருந்த இடம் 1 ஆகவோ, 1 இருந்த இடம் 0 ஆகவோ மாறுவதற்கு) முக்கியக் காரணம் மியூவான் இல்லை, நியூட்ரான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. சிலிக்கன் அணுக்கருவில் மோதி, அதிலிருந்து தெறிக்கும் துண்டுதான் சிப்பைக் கெடுக்கிறது. நியூயார்க்கில், கடல் மட்டத்தில், ஒரு சதுர சென்டிமீட்டரில் மணிக்குச் சுமார் 13 வேகமான நியூட்ரான்கள் விழும் என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

நமக்கு அதைவிடக் குறைவு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கில், நெல்லைப் பக்கமாகப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான். காந்த நடுக்கோட்டில் புலம் படுக்கையாக இருப்பதால், வரும் துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும். அதை மீறி உள்ளே வர ஒரு துகளுக்கு இங்கே சுமார் 17 ஜிகாவோல்ட் வலு வேண்டும். நியூயார்க்கில் 2 இருந்தாலே போதும். உலகத்திலேயே காந்தக் கூரை கெட்டியாக உள்ள இடங்களில் நம் ஊரும் ஒன்று. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

திருநகர்_வீடு · திங்கள், மதியம் 3:05

தேனி ஐயா சொன்னது மிகச் சரி. பெல்ஜியம் கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

2003-இல் ஸ்காயர்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக வந்தது உண்மை. 4096 என்பது 2-இன் 12-ஆவது அடுக்கு, அதனால் ஒரே ஒரு பிட் மாறியிருக்க வேண்டும் என்பதும் நியாயமான முடிவு. அதைக் காஸ்மிக் கதிர்தான் மாற்றியது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. வேறு காரணம் கிடைக்காததால் அங்கே வந்து நின்றார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் குவான்டாஸ் 72 விமானம் திடீரென்று மூக்கைத் தாழ்த்தியபோதும் விசாரணையில் இந்தக் காரணத்தைப் பரிசீலித்தார்கள், உறுதி செய்ய முடியவில்லை. 2011-இல் ரஷ்யாவின் போபோஸ்-கிரண்ட் விண்கலம் பூமியைச் சுற்றும் பாதையிலேயே மாட்டிக்கொண்டதற்கு அவர்களின் குழு கதிர்வீச்சைக் காரணம் சொன்னது. துறையில் உள்ள பலர் அதை ஏற்கவில்லை.

இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. காரணம் தெரியாத கோளாறையெல்லாம் காஸ்மிக் கதிர் மேல் போடுவது எளிது. மாநாட்டில் அப்படிச் சொன்னால் முதல் கேள்வியே "குறுக்குவெட்டு எவ்வளவு?" என்றுதான் வரும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி அயனிகளை விட்டீர்கள், 100 பிட் புரண்டது என்றால், 100-ஐ 1 கோடியால் வகுத்தால் வருவது. அந்த எண்ணும் அந்தப் பாதையில் வரும் துகள்களின் அளவும் கையில் இருந்தால்தான், வருடத்துக்கு எத்தனை தடவை புரளும் என்று சொல்ல முடியும். எண் இல்லாமல் பழி போடக் கூடாது.

விமானம் என்று வந்ததால் சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் ஏர்பஸ் ஏ320 வகையில் சுமார் 6,000 விமானங்களை உடனடியாகச் சரிசெய்யச் சொன்னார்கள். கடுமையான சூரியக் கதிர்வீச்சு பறப்புக் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ்ஸே அறிவித்தது. நம் நாட்டின் இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்களும் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளுக்குத் திரும்புவதே தீர்வாக இருந்தது.

மேலமாசி · திங்கள், மாலை 5:40

தெளிவாகப் புரிந்தது அம்மா, ஐயா. சர்வருக்குப் பிட் தவறைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி வாங்கச் சொல்லும்போது வாடிக்கையாளருக்கு இனிமேல் காரணத்தோடு சொல்வேன்.

உசிலம்பட்டிக்காரன் · திங்கள், இரவு 8:15

மேலே இருந்து வருவது மட்டும் இல்லை. 1978-இல் இன்டெல்லில் டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் டிராம் மெமரியில் காரணமில்லாமல் பிட் புரள்வதைத் துரத்திக்கொண்டு போனார்கள். குற்றவாளி சிப்பை மூடியிருந்த பீங்கான் உறை. அதில் துளியளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை விடும் ஆல்ஃபா துகள்தான் பிட்டைப் புரட்டியது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது அல்லவா, அதில் உள்ள அதே தோரியம். சிப் உறை செய்பவர்கள் அதற்கப்புறம்தான் ஆல்ஃபா குறைந்த பொருட்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

பயோமெட்_மதுரை · திங்கள், இரவு 9:30

நான் மருத்துவக் கருவிகள் பழுது பார்ப்பவன். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் அறையில், நோயாளியை வெளியிலிருந்து பார்க்க சிசிடிவி கேமரா வைத்திருந்தார்கள். சில மாதத்தில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகி, கடைசியில் முகமே தெரியாது. மூன்று கேமரா மாற்றினோம். விற்றவரோடு சண்டை வேறு. மட்டமான கேமரா கொடுத்துவிட்டார் என்றே நானும் நம்பினேன். பிறகு ஒரு மருத்துவ இயற்பியலாளர்தான் விளக்கினார். 10 மெகாவோல்ட்டுக்கு மேல் இயந்திரம் ஓடும்போது நியூட்ரான்களும் உண்டாகின்றன, அவை கேமரா சென்சாரின் சிலிக்கன் அணுக்களை இடத்தைவிட்டு நகர்த்திவிடுகின்றன, அப்படிக் கெட்ட ஒவ்வொரு பிக்சலும் ஒரு வெள்ளைப் புள்ளி என்றார். கேமராவை இயந்திரத்திலிருந்து தள்ளி, அறை வாசலின் வளைவுப் பக்கம் மாற்றினோம். அப்புறம் அது வெகு காலம் உழைத்தது. விற்றவரிடம் போய் வருத்தம் தெரிவித்தேன்.

இதே நியூட்ரான் நெஞ்சில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரின் மெமரியையும் புரட்டலாம். அப்படிப்பட்ட நோயாளிக்கு முடிந்தவரை குறைந்த ஆற்றலில் சிகிச்சையைத் திட்டமிடுவதும், கருவியை இடையிடையே சோதிப்பதும் அதனால்தான். அந்த நோயாளிகளை நினைத்தால், யாரோ ஒருவர் எங்கோ ஒரு மாநாட்டில் வைத்த சோதனை முடிவு எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றுகிறது.

அழகர்மலை · செவ்வாய், காலை 6:50

எல்லாவற்றையும் நாலு பேரும் உட்கார்ந்து படித்தோம். திரும்பவும் சோதனை செய்ய முடிவு செய்துவிட்டோம். எப்படிச் செய்ய வேண்டும் அம்மா? கரன்ட் கொடுத்தால் என்ன வித்தியாசம்?

திருநகர்_வீடு · செவ்வாய், காலை 11:30

காமா கதிர் சிப்பில் உள்ள ஆக்சைடு (மின்காப்பு) அடுக்கில் எலக்ட்ரான்-துளை ஜோடிகளை உண்டாக்கும். துளை என்பது எலக்ட்ரான் போய்விட்ட காலி இடம். எலக்ட்ரான் சட்டென்று வெளியேறிவிடும். துளை மெதுவாக நகர்ந்து, சிலிக்கனைத் தொடும் எல்லையில் சிக்கிக்கொள்ளும். கரன்ட் இருந்தால் மின்புலம் இரண்டையும் பிரித்துவிடும், இல்லாவிட்டால் பல ஜோடிகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து மறைந்துவிடும். அதனால் சேதம் மாறும். மாஸ் (MOS) வகை டிரான்சிஸ்டர் உள்ள சிப்களில் பெரும்பாலும் கரன்ட் இருந்தால்தான் மோசம். உங்களுடையது போன்ற பைபோலார் வகை டிரான்சிஸ்டர் சிப்களில் சில சமயம் கரன்ட் இல்லாதபோதே மோசம். ஆகவே பாதியை இப்படியும் பாதியை அப்படியும் வையுங்கள்.

சிக்கிய துளைகள் சாதாரண வெப்பத்திலேயே மெல்ல ஆறத் தொடங்கும். டெல்ஸ்டார் பிழைத்ததும் சேதம் இப்படித் தானே ஆறியதால்தான். நீங்கள் ரயிலில் கொண்டுவந்து அளப்பதற்குள் போன 16 மணி நேரத்தில் சிப் மாறியிருக்கும். எந்த அளவு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 1 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவத் தர விதி, எண் 1019. மீட்டரையும் லோடையும் சென்னைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் சிப்பின் கால்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்து உலர்பனியில் வைத்துக் கொண்டுவரலாம்.

முக்கியமானது இனிமேல்தான். பைபோலார் லீனியர் சிப்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 1991-இல்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. டோஸை மெதுவாகக் கொடுத்தால் சேதம் அதிகம். விண்வெளியில் மெதுவாகத்தான் வரும். அதனால் 3 நிமிடத்தில் தாங்கிய சிப் மேலே போய்ச் சாகலாம். சரியாகச் சோதிக்க நொடிக்கு 10 மில்லிராட் அல்லது அதற்கும் கீழே போக வேண்டும். அந்த வேகத்தில் 20 கிலோராட் சேர 23 நாள் ஆகும். உங்களுக்கு அது கிடைக்காது, பரவாயில்லை. வேகமாகச் செய்தோம் என்று கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள். வேகமாகக் கொடுத்தே 15 கிலோராட்டில் கெட்டுவிட்டது என்பது பயனுள்ள செய்தி. தாங்கியது என்று வந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

ஒரே டேட் கோடில் குறைந்தது 10 வாங்குங்கள். இரண்டைத் தொடாமல் வையுங்கள், ஒவ்வொரு தடவையும் அவற்றையும் அளக்க வேண்டும். 20-க்கு ஒரே தாவாகத் தாவாமல் 3, 6, 10, 15 என்று நிறுத்தி நிறுத்தி அளந்தால், எங்கே வளைகிறது என்று தெரியும்.

உசிலம்பட்டிக்காரன் · செவ்வாய், மதியம் 2:00

அம்மா சொன்னது மொத்த டோஸ். உங்கள் போர்டில் மைக்ரோகன்ட்ரோலரும் இருக்கும். அதற்கு லேட்ச்-அப் பயம் வேறு. ஒரே ஒரு கன அயனி போதும், சிமாஸ் வகைச் சிப்புக்குள்ளே ஒளிந்திருக்கும், சுவிட்ச் போன்ற தைரிஸ்டர் ஆன் ஆகிக் கரன்ட் எகிறும். பவரை வெட்டினால்தான் நிற்கும். அலுமினியத் தகடு எலக்ட்ரானைத் தடுக்கும், இந்த அயனியைத் தடுக்காது. அதனால் கரன்ட் வரம்பு மீறினால் தானாக வெட்டி மறுபடி ஆன் செய்யும் சுற்று ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். கன அயனிச் சோதனைக்கு டெல்லியில் ஐ.யு.ஏ.சி. ஆய்வு மையத்தின் பெல்லட்ரான் என்ற அயனி முடுக்கி இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விண்ணப்பித்து நேரம் கேட்கலாம். சிப்பின் பிளாஸ்டிக் மூடியை அமிலத்தால் திறந்துதான் வைக்க வேண்டும், அயனி அவ்வளவு ஆழம் போகாது. அது அடுத்த வருட ஜூனியர்களுக்கான வேலையாக இருக்கட்டும்.

அழகர்மலை · 5 வாரம் கழித்து, சனி, இரவு 10:20

எல்லோருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்று வந்தேன். 12 சிப், ஒரே டேட் கோடு. புது அளவீட்டின்படி டோஸைக் கணக்கிட்டு, அறையின் பக்கத்து மேசையிலேயே 40 நிமிடத்துக்குள் அளந்தோம். கதிர்வீச்சு படாத 2 சிப்பும் கடைசிவரை 3.3 வோல்ட்டில் நின்றன. மற்ற பத்தில் 6 கிலோராட் வரை ஒன்றும் தெரியவில்லை. 10-இல் லோடு தாங்கும் திறன் எல்லாவற்றிலும் இறங்கியது. 15-இல் கரன்ட் இல்லாமல் வைத்த ஐந்தில் நாலு கெட்டன, கரன்ட் கொடுத்த ஐந்தில் ஒன்றுதான் கெட்டது. பைபோலாரில் கரன்ட் இல்லாதபோதே மோசம் ஆகலாம் என்று அம்மா சொன்னது கண் முன்னால் நடந்தது.

துறையில் வரைபடத்தைக் காட்டினோம். இந்தத் தடவை உட்கார்ந்து முழுவதும் கேட்டார்கள். டேட்டா ஒர்க்‌ஷாப்புக்குச் சுருக்கம் எழுதத் தொடங்கிவிட்டோம். பழைய 3 சிப்பின் முடிவையும் சேர்க்கலாமா?

திருநகர்_வீடு · சனி, இரவு 10:50

கண் நிறைந்துவிட்டது தம்பி. பழையதையும் சேருங்கள், தனி அட்டவணையாக. கரன்ட் இல்லை, 16 மணி நேரம் கழித்து அளந்தது, இரண்டு லாட் கலந்தது என்று மேலேயே எழுதுங்கள். டேட் கோடு முதல் பக்கத்தில் வரட்டும், படிப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

எழுதியதை அச்சடித்துக்கொண்டு நாளை 11 மணிக்கு நாலு பேரும் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு இங்கேதான். அந்தக் கெட்ட சிப்களையும் கொண்டுவாருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த 5 வாரத்தில் முதல் மூன்று எவ்வளவு ஆறியிருக்கின்றன என்று அளந்து பார்க்கலாம்.